கணிப்பொறி மொழியை வளர்க்கும் உரிமை யாருக்கு?

கோவைப் பக்கத்து லேத் பட்டறை ஒன்றில் நீங்கள் எப்போதாவது நின்று வேடிக்கை பார்த்திருக்கிறீர்களா? பம்பு செட்டுக்கு வேண்டிய தண்டு ஒன்றைக் கடைந்துகொண்டிருப்பார் டர்னர். கடையில் வாங்கிய டூல் அந்த வேலைக்குப் பொருந்தவில்லையென்றால் அவர் கம்பெனிக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பதில்லை. டூலைச் சாணைச் சக்கரத்தில் பிடித்துத் தமக்கு வேண்டிய கோணத்தில் தீட்டிக்கொள்கிறார். நூறு துண்டுகளில் ஒரே இடத்தில் துளை விழ வேண்டுமென்றால் அதற்கென ஒரு ஜிக் செய்துகொள்கிறார். அந்த ஜிக்கைச் செய்வதும் அதே பட்டறையின் இயந்திரங்களைக் கொண்டுதான்.

மறுநாள் காலை ஷிப்டுக்கு வேறொருவர் வருகிறார். மேசைமேல் அந்த ஜிக் கிடக்கிறது. எந்தப் பக்கம் மேலே வர வேண்டும், எந்தத் துண்டுக்கு இது, எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. முதல் நாள் ஒருவருக்கு மிச்சமான ஒரு மணி நேரத்தை மறுநாள் இன்னொருவர் செலவழிக்கிறார்.

கணிப்பொறி உலகில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் ஒரு வழக்கு இதே போன்றதுதான். கணிப்பொறிக்குப் புரோகிராம் எழுதுகிறவர், தாம் எழுதும் மொழியையே தம் தேவைக்கேற்ப விரித்துக்கொள்ளலாமா? அல்லது மொழியை ஆக்கியவர் கொடுத்த சொற்களோடும் இலக்கணத்தோடும் நின்றுவிட வேண்டுமா?

"புதுச் சொல் சேர்ப்பது என்ன பெரிய காரியம்? எல்லா மொழியிலும் ஃபங்ஷன் எழுதலாமே!" என்று கணிப்பொறி பயிலும் மாணவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பம்பு செட்டையே எடுத்துக்கொண்டு விடை காண்போம்.

மோட்டார் சூடேறியிராவிட்டால் மட்டும் அதை ஓட்ட வேண்டும். இதற்காக 'இல்லாவிட்டால்' என்றொரு புதுச் சொல்லை நாம் படைக்க விரும்புகிறோம். அதற்குப் பின்னால் இரண்டு பொருள்கள் வரும்: சூடா என்று பார்ப்பது, மோட்டாரை ஓட்டுவது. இதை ஃபங்ஷனாக எழுதினால் என்ன ஆகும்? பெரும்பாலான மொழிகளில் ஒரு ஃபங்ஷனை அழைக்குமுன் அதற்குக் கொடுக்கும் பொருள்கள் அனைத்தும் கணக்கிடப்பட்டுவிடும். அதாவது, சூடு இருக்கிறதா என்று பார்க்கப்படும், மோட்டாரும் ஓட்டப்பட்டுவிடும், அதன் பிறகே 'இல்லாவிட்டால்' விழித்துக்கொண்டு, ஓட்டலாமா வேண்டாமா என்று யோசிக்கத் தொடங்கும். காயில் கருகிய பிறகு யோசித்து என்ன பயன்?

ஆகவே நமக்குத் தேவை வேறு வகையான சொல். பொருள்களைக் கணக்கிடாமல், எழுதியவாறே கையில் வாங்கிக்கொண்டு, அவற்றை வேறு வாக்கியமாக மாற்றி எழுதித் தர வேண்டும். 'இல்லாவிட்டால் சூடு, ஓட்டு' என்று நாம் எழுதினால், 'சூடு இருந்தால் சும்மா இரு. இல்லையேல் ஓட்டு' என்று கணிப்பொறி ஏற்கெனவே அறிந்த சொற்களில் அது திருத்திவிடும். அதன் பிறகே வேலை தொடங்கும். இப்படி ஒரு வாக்கியத்தை இன்னொரு வாக்கியமாக மாற்றும் விதிக்கு மாக்ரோ என்று பெயர். ஃபங்ஷன் மொழிக்குள் வாழ்கிறது. மாக்ரோ மொழியின் இலக்கணத்திலேயே கை வைக்கிறது. வழக்கு முழுவதும் இந்த வேற்றுமையைப் பற்றியதுதான்.

வழக்கின் வரலாறு

மாக்ரோக்கள் முதலில் இயந்திரத்துக்கு மிக நெருங்கிய அசெம்பிளி மொழிகளில் தோன்றின. அடிக்கடி வரும் பத்து ஆணைகளுக்கு ஒரே பெயர் வைத்துக்கொள்ளும் சுருக்கெழுத்து முறைதான் அது. அதே வசதியை உயர்நிலை மொழிகளுக்கும் கொடுக்கலாம் என்று 1960-ல் பெல் ஆய்வுக்கூடத்து டக்ளஸ் மக்கில்ராய் ஒரு கட்டுரை எழுதினார். அதே ஆண்டில் ஜான் மெக்கார்த்தி, தாம் 1958 முதல் உருவாக்கிவந்த லிஸ்ப் மொழியைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். லிஸ்ப்பில் ஒரு விசேஷம் உண்டு. அம்மொழியில் புள்ளிவிவரங்களும் அடைப்புக்குறிக்குள் பட்டியலாக இருக்கும். புரோகிராமும் அடைப்புக்குறிக்குள் பட்டியலாகவே இருக்கும். ஆகவே ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமைப் பிரித்து, அடுக்கி, புதிதாக எழுதித் தருவது அதற்கு இயல்பான வேலை. 1963-ல் திமதி ஹார்ட் என்பவர் லிஸ்ப்பில் மாக்ரோக்களைச் சேர்த்தார். நம் 'இல்லாவிட்டால்' அன்றே சாத்தியமாகிவிட்டது.

அதன் பிறகு வந்தது ஓர் உற்சாகக் காலம். வங்கிக்கு ஒரு மொழி, வானியலுக்கு ஒரு மொழி என்று நூறு மொழிகளை ஏன் செய்ய வேண்டும்? சிறிய மூலமொழி ஒன்றைக் கொடுத்துவிட்டால் அவரவர் வேண்டியபடி வளர்த்துக்கொள்ளமாட்டார்களா? 'விரிவுறு மொழிகள்' என்று இவற்றைச் சொல்லலாம். இவற்றுக்காகவே 1969-ல் பாஸ்டனிலும் 1971-ல் பிரான்சிலுள்ள கிரனோபிளிலும் கருத்தரங்குகள் கூடின. அக்காலத்து அல்கால் 68 மொழியில் புரோகிராமரே புதுக் குறிகளைப் படைத்து, கூட்டலுக்கு முன் பெருக்கல் என்பதுபோல அவற்றின் முன்னுரிமையையும் விதிக்கலாம்.

உற்சாகம் பத்தாண்டுகூட நிற்கவில்லை. 1975-ல் தாமஸ் ஸ்டாண்டிஷ் இந்த முயற்சிகளை எடைபோட்டு மூன்று வகையாகப் பிரித்தார். இருக்கும் சொற்களைக் கொண்டே புதியதை விளக்குவது முதல் வகை. இருக்கும் சொற்களால் சொல்லவே முடியாத ஒன்றைப் புதிதாக ஒட்டவைப்பது இரண்டாவது. இருக்கும் சொல்லுக்குப் பொருள் கொள்ளும் விதியையே மாற்றுவது மூன்றாவது. முதல் வகை எவருக்கும் எளிதாகக் கைவந்தது. மற்ற இரண்டுக்கும் மொழியின் உள்ளுறுப்புகளை அதை ஆக்கியவர் அளவுக்கு அறிந்திருக்க வேண்டியிருந்தது. அவ்வளவு அறிந்தவர்கள் எத்தனை பேர்?

இதே காலத்தில் நடந்த வேடிக்கை ஒன்றையும் சொல்ல வேண்டும். யூனிக்ஸ் அமைப்பின் புகழ்பெற்ற ஷெல் ஒன்றை ஸ்டீவ் போர்ன் என்பவர் சி மொழியில் எழுதினார். அது 1979-ல் வெளிவந்தது. போர்னுக்கு அல்கால் மேல் பிரியம் அதிகம். சி மொழியின் எளிய மாக்ரோ வசதியைக் கொண்டு 'தொடங்கு', 'முடி' என்பன போன்ற அல்கால் சொற்களை உண்டாக்கிக்கொண்டார். எழுதியது சி, பார்வைக்கு அல்கால். புரோகிராம் நன்றாகவே ஓடியது. படிக்க வந்த சி வல்லுநர்கள்தாம் தடுமாறினார்கள். பின்னால் அதைப் பராமரித்தவர்கள் மாக்ரோக்களை நீக்கிச் சாதாரண சி நடைக்கே மாற்றினார்கள். 1984-ல் இரண்டு அமெரிக்க இளைஞர்கள் 'யாருக்கும் புரியாதபடி சி எழுதும் போட்டி' ஒன்றைத் தொடங்கியதற்கு இந்த ஷெல்லும் ஒரு தூண்டுதல்.

சி++ மொழி ஏற்கெனவே உள்ள குறிகளுக்குப் புதுப் பொருள் தர அனுமதித்தது. எண்ணின் இலக்கங்களை இடம் பெயர்க்கும் குறியே அங்கே அச்சிடும் குறியாகவும் ஆயிற்று. இவ்வசதியைப் பலர் கண்டபடி பயன்படுத்தியதைப் பார்த்த ஜேம்ஸ் காஸ்லிங், 1995-ல் வெளிவந்த தமது ஜாவாவில் அதற்கு இடமே தரவில்லை. ஒரு ஜாவா புரோகிராமை எவர் எழுதினாலும் எவரும் படிக்கலாம் என்ற துணிவு இதனால் கிடைத்தது. விலையும் இருந்தது. பின்னங்களையோ அணிகளையோ கையாள்பவர் கூட்டல் குறியைப் போட முடியாமல், 'இதனோடு அதைக் கூட்டு' என்று நீட்டி எழுத வேண்டியதாயிற்று.

ஜாவாவின் முறைகளை வகுத்தெழுதியவர்களுள் ஒருவரான கை ஸ்டீல் 1998-ல் ஒரு மாநாட்டில் பேசினார். ஆங்கிலத்தில் ஓரசைச் சொற்களை மட்டுமே பயன்படுத்துவது என்று விதி வைத்துக்கொண்டு தொடங்கினார். ஓரசைக்கு மேற்பட்ட ஒரு சொல் தேவைப்பட்டால், முதலில் அதன் பொருளை ஓரசைச் சொற்களால் விளக்கிவிட்டுத்தான் பயன்படுத்தினார். சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றிய இது ஏன் என்று போகப் போகத்தான் கேட்டவர்களுக்குப் புரிந்தது. சிறிய மொழியில் எழுதுகிறவன் படும் பாடு என்ன, மொழி எப்படி அடியிலிருந்து வளர்கிறது என்பதை அவர் நடித்தே காட்டினார். மொழியை ஆக்குவோர் அதை முழுமையாகச் செய்துவிட எண்ணாமல், பயன்படுத்துவோர் வளர்ப்பதற்கு ஏற்றதாகச் செய்ய வேண்டும் என்பது அவர் வாதம். அவர் கேட்டவற்றுள் ஒன்றான பொதுவகை வசதி 2004-ல் ஜாவாவுக்கு வந்தது. குறிகளுக்குப் புதுப் பொருள் தரும் உரிமை வரவில்லை.

கொங்கு நாட்டில் இதே வழக்கு

மொழியைப் பயன்படுத்துவோரே விரிக்கலாமா என்ற கேள்வி, கணிப்பொறி பிறக்குமுன்பே நம் ஊரில் எழுந்திருந்தது. அங்கே வழக்காடியவர்கள் அறிவியலைத் தமிழில் எழுத முனைந்தவர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தரும் என்பது என் எண்ணம்.

சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி 1916-ல் தமிழ் அறிவியல் கலைச்சொற்களுக்காக ஒரு சங்கம் அமைத்தார். இரசாயனம், பௌதிகம், தாவரவியல், கணிதம் முதலிய துறைகளுக்குச் சொல் படைப்பது அதன் வேலை. அரசாங்கம் ஆணையிட்டு நடந்ததன்று. சொல் தேவைப்பட்டவர்கள் தாங்களே இறங்கினார்கள். பின்னர், சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியப் பணியை மேற்கொண்டது. அதன் முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரன். ஈரோட்டுப் பக்கத்தில் பிறந்து, பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள் வெளிவந்தன. 1960-ல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்ட வகுப்பு சோதனையாகத் தொடங்கிற்று. கோவையிலிருந்து வெளிவந்த கலைக்கதிர் இதழோ அறிவியலைத் தமிழில் எழுதியதோடு நில்லாமல் கலைச்சொல் அகராதிகளையும் வெளியிட்டது.

இவர்கள் எல்லாரும் செய்தது மொழியை விரிக்கும் வேலை. ஸ்டாண்டிஷ் சொன்ன மூன்று வகைகளும் இங்கே உண்டு. 'உயிர்வளி' முதல் வகை. உயிர், வளி என்ற இரண்டும் தெரிந்தவனுக்குப் பாதிப் பொருள் சொல்லாமலே விளங்கும். 'ஆக்சிஜன்' இரண்டாம் வகை. வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டியது. மூன்றாம் வகைக்கு மேலே நான் எழுதிய 'ஃபங்ஷன்' என்ற சொல்லையே பாருங்கள். ஆய்த எழுத்துக்குத் தமிழ் இலக்கணத்தில் வேறு வேலை. அதைப் பகரத்துக்கு முன்னால் நிறுத்தி, அந்தப் பகரத்தை வேறு விதமாக ஒலி என்று நாம் விதி செய்துகொண்டோம். எஃகு என்ற சொல்லில் ஆய்தம் பழைய விதிப்படி ஒலிக்கிறது. ஃபேன் என்பதில் புது விதிப்படி. பள்ளிப் பிள்ளைகள் இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் படிப்பது வியப்புத்தான்.

காலப்போக்கில் பழையன நீங்குவதும் புதியன நுழைவதும் குற்றமாகா என்று நன்னூலில் பவணந்தி முனிவர் விதி செய்திருப்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். அவர் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரத்தவர் என்று கொங்கு நாட்டார் பெருமையாகச் சொல்வதுண்டு. ஒரு மொழியின் இலக்கண நூலே, 'இதை விரிக்கலாம்' என்று அனுமதி தருகிறதென்றால், மெக்கார்த்திக்குப் பல நூற்றாண்டு முந்திய லிஸ்ப் மனப்பான்மை என்றுதான் சொல்ல வேண்டும்!

அனுமதிக்குக் கொடுத்த விலையையும் மறைக்கக் கூடாது. ஒரே பொருளுக்குப் பிராணவாயு, உயிர்வளி, ஆக்சிஜன் என்று மூன்று சொற்கள். 'மின்னணு' என்பதை எலக்ட்ரானுக்குச் சிலர் எழுதினர். 'மின்னணுவியல்', 'மின்னணுக் கருவி' என்று எலக்ட்ரானிக்ஸ் துறைக்கே அது பெயராகவும் ஆயிற்று. கணிப்பொறி, கணினி, கம்ப்யூட்டர் என்ற பன்மையைச் சொல்லவே வேண்டாம். ஆனாலும் இந்தக் குழப்பத்தால் தமிழ்வழி மாணவன் ஒருவனும் மூழ்கிவிடவில்லை. காரணம் எளியது. கலைக்களஞ்சியத்தில் ஒரு புதுச் சொல் வந்தால் அதன் விளக்கமும் அதே பக்கத்தில் இருந்தது. அகராதியில் சொல்லுக்கு எதிரே அதன் பொருள் இருந்தது. ஸ்டீல் மேடையில் செய்ததும் இதுவே.

விளக்கம் கூட வராவிட்டால் என்ன ஆகும்? அதையும் நாம் பட்டறிந்தோம். 1990-களில் தமிழ் எழுத்துரு செய்தவர்கள் ஒவ்வொருவரும் கணிப்பொறியின் எழுத்து எண்களைத் தம் விருப்பப்படி பங்கிட்டுக்கொண்டார்கள். ஒருவருடைய எழுத்துருவில் 'க' இருந்த எண்ணில் இன்னொருவர் 'று' வைத்திருப்பார். ஓர் அச்சகத்தில் கோத்து வட்டில் வாங்கிய கட்டுரையை இன்னோர் அச்சகத்தில் திறந்தபோது பக்கம் முழுவதும் கீறலும் கொக்கியுமாக நின்ற அனுபவம் எனக்கும் உண்டு. மறுபடி முதலிலிருந்து கோக்க வேண்டியதாயிற்று. எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் புத்திசாலிகள்தாம். ஒவ்வொரு ஜிக்கும் நன்றாகத்தான் வேலை செய்தது!

1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற இரண்டு பொதுக் குறியீடுகள் வகுக்கப்பட்டன. அடுத்த படி கோவையில் நிகழ்ந்தது. 2010 ஜூன் 23 முதல் 27 வரை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடும், அதனோடு தமிழ் இணைய மாநாடும் இங்கே நடந்தன. மாநாடு தொடங்கிய நாளைத் தேதியாகக் கொண்ட அரசாணை வழியாகத் தமிழக அரசு யூனிகோடைத் தமிழுக்குரிய குறியீடாக ஏற்றது. டேஸ் 16 என்ற மற்றொன்றையும் உடன் ஏற்றது.

இந்த இரண்டாவதுதான் நம் வழக்குக்குச் சுவையான சாட்சி. யூனிகோடை வகுத்தவர்கள் உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்துவிட்டு, அடிப்படைப் பகுதியில் 6,400 எண்களை எவருக்கும் ஒதுக்காமல் விட்டுவைத்தார்கள். ஊருக்கு வெளியே விட்ட புறம்போக்கு நிலம்போல அது. யார் வேண்டுமானாலும் தமக்குள் பேசிவைத்துக்கொண்டு அங்கே எதையும் வைக்கலாம். யூனிகோடில் 'கி' என்பது 'க', இகரக் குறி என இரண்டு எண்களால் ஆவது. டேஸ் 16 ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனித்தனி எண் கொடுத்தது. கணக்கிடுவதற்கு அது எளிது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அது குடியேறியது அந்தப் புறம்போக்கில். அங்கே உள்ள எண் ஒன்று உங்கள் கணிப்பொறியில் 'கி' ஆக இருக்கலாம். ஒப்பந்தத்தில் சேராத என் கணிப்பொறிக்கு அது வெறும் கட்டம். எண்ணோடு அதன் பொருளும் கூட வருவதில்லை. இணையத்திலும் கைப்பேசியிலும் நாம் இன்று எழுதிக்கொண்டிருப்பது யூனிகோடில்தான்.

மாக்ரோ அப்படியன்று. 'இல்லாவிட்டால்' என்ற சொல்லை நான் படைத்தால் அதன் இலக்கணமும் என் புரோகிராமோடு சேர்ந்தே உங்களிடம் வருகிறது. உங்கள் கணிப்பொறி அதைப் படித்துக்கொள்ளும். நீங்களும் புரட்டிப் பார்க்கலாம். போர்னின் மாக்ரோக்களும் கூடவேதான் வந்தன, அப்படியிருந்தும் ஏன் எரிச்சல் மூட்டின என்று கேட்பீர்கள். சி மொழியில் சொல்ல முடியாத எதையும் அவை சொல்லவில்லை. ஏற்கெனவே இருந்த சொற்களுக்கு வேறு சட்டை போட்டன, அவ்வளவே. புதிய பொருள் இல்லாத இடத்தில் புதுச் சொல் படைப்பவரிடம் வாசகன் கோபித்துக்கொள்வது இயற்கை.

தமிழிலேயே புரோகிராம்

இந்த வழக்கின் இரண்டு தரப்பும் தமிழிலேயே வந்து நின்றதை இனிப் பார்ப்போம். ஆங்கிலம் வராத மாணவனுக்குக் கணிப்பொறி மொழியின் முதற்படியே சுவராக நிற்கிறது. அதைத் தகர்க்க முத்து அண்ணாமலை என்பவர் எழில் என்ற தமிழ்க் கணிப்பொறி மொழியை உருவாக்கினார். 2007-ல் தொடங்கிய வேலை 2013-ல் பொதுமக்களுக்கு வெளிவந்தது. அச்சிட 'பதிப்பி', ஃபங்ஷனுக்கு 'நிரல்பாகம்', விடையைத் திருப்பித் தரப் 'பின்கொடு'. நிபந்தனையை முன்னே எழுதிவிட்டுப் பின்னே 'ஆனால்' என்று எழுத வேண்டும். 'மழை பெய்தால்' என்று நாம் நிபந்தனையைப் பின்னொட்டாகச் சொல்வதற்கு இசைவான வரிசை இது. ஆங்கில மொழிகளில் நிபந்தனைச் சொல் முதலில் வரும். இந்த வரிசை எழிலை ஆக்கியவர் எடுத்த முடிவு; பயன்படுத்தும் மாணவர் 'ஆனால்' என்பதை விரும்பாமல் 'எனில்' என்று மாற்ற நினைத்தால் எழிலின் உள்ளே புகுந்து, அதைச் செய்த பைதான் மொழியில் திருத்த வேண்டும். அதற்கு ஈடாக, எழிலில் எழுதிய புரோகிராமை எழில் தெரிந்த எவரும் படிக்கலாம். ஜாவாவின் வழி இது.

இளங்கோ சேரன் என்பவர் எடுத்தது லிஸ்ப்பின் வழி. லிஸ்ப் குடும்பத்தில் 2007-ல் பிறந்த குளோஜர் என்ற மொழியை எடுத்துக்கொண்டு, அதற்குள்ளிருந்தே அதன் சொற்களுக்குத் தமிழ்ச் சொற்களைப் படைத்துச் சேர்த்தார். தனி மொழி செய்யவில்லை. குளோஜரை ஆக்கியவரிடம் அனுமதி கேட்கவும் தேவையில்லை. சாதாரண ஃபங்ஷன்களுக்குத் தமிழில் மறுபெயர் வைத்தால் போதும். நிபந்தனைச் சொல்லுக்கு அது போதாது. பம்பு செட்டில் நாம் பார்த்த அதே இடர்தான், காயில் கருகிவிடும். அங்கெல்லாம் மாக்ரோ வேண்டும். மாணவர் ஒருவருக்குச் சொல் பிடிக்கவில்லையென்றால் இரண்டு வரியில் வேறொன்று செய்துகொள்ளலாம். ஒரே வகுப்பில் ஐந்து பேர் ஐந்து சொற்களைச் செய்துகொண்டால் ஆசிரியரின் பாடு என்னவாகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

குளோஜரில் ஒரு சிறு சங்கடம் உண்டு. அடைப்புக்குறிக்குள் ஆணைச் சொல்தான் முதலில் நிற்க வேண்டும் என்பது லிஸ்ப் குடும்பத்து மரபு. ஆகவே அங்கே 'எனில் சூடு' என்றுதான் எழுத வேண்டும். தமிழ்க் காதுக்கு அது தலைகீழ். 'சூடு எனில்' என்று தமிழ் வரிசையில் எழுத வேண்டுமானால் அதையும் செய்யலாம். புரோகிராமின் அந்தப் பகுதி முழுவதையும் சுற்றி இன்னொரு மாக்ரோவைப் போர்த்தி, உள்ளே வரும் சொற்களைப் புரட்டி அடுக்கச் சொல்ல வேண்டும். பள்ளி இறுதி வகுப்பு மாணவர் ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எழுதிவிடக்கூடிய அளவுதான் அது. எழுதி முடித்ததும், அதற்கு மேலே மூன்று வரி விளக்கத்தையும் தமிழிலேயே எழுதி வைக்கட்டும். திங்கட்கிழமை அதைத் திறக்கப்போகிறவர் வேறொருவர்.